வீடு தேடிய குடும்பம்: நாடக ஆசிரியை லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் வாழ்க்கை

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள் நம் பெரியோர். சொந்தமாக ஒரு வீடு, காற்றும் வெளிச்சமும் வர ஒரு ஜன்னல், வாசலில் செடி வைக்க ஒரு சாண் நிலம்! உழைத்து வாழும் குடும்பம் எந்த நாட்டில் இருந்தாலும் அதன் கனவு இதுதான். ஆனால் கையில் பணம் இருந்தும், விற்பவர் விற்க இசைந்தும், தோலின் நிறம் கறுப்பு என்ற ஒரே காரணத்தால் ஒரு குடும்பம் தான் விரும்பிய தெருவில் குடியேறக் கூடாது என்றால் அதை என்னென்பது? அமெரிக்க ஐக்கிய நாட்டில் அந்த நிலை பல ஆண்டுகள் நீடித்தது. அந்த அநீதியைப் பிஞ்சு வயதிலேயே நேரில் கண்டு, பின்னாளில் அதை நாடகமாக்கி உலகறியச் செய்தவர் லொரெய்ன் ஹான்ஸ்பெரி. முப்பத்து நான்கே ஆண்டுகள் வாழ்ந்த இப்பெண்மணியின் வரலாற்றை மாணவிகளாகிய நீங்கள் அறிந்துகொள்வது நலம்.

பிறப்பும் பெற்றோரும்

லொரெய்ன் 1930ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் சிகாகோ நகரில் பிறந்தாள். நான்கு குழந்தைகளில் அவளே கடைக்குட்டி. தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி மிசிசிப்பி மாநிலத்தவர். தாய் நானி டென்னசி மாநிலத்தில் பிறந்து ஆசிரியைப் பணி புரிந்தவர். தென் மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்கள், அங்கே நிலவிய கொடுமையையும் வறுமையையும் தாங்க மாட்டாமல் வேலை தேடி வடக்கே உள்ள பெருநகரங்களுக்குப் பெருந்திரளாகப் பெயர்ந்த காலம் அது. சிகாகோவுக்கு வந்தவர்களுக்கு நகரின் தென்பகுதியில் ஒரு குறுகிய பரப்பில் மட்டுமே குடியிருக்க இடம் கிடைத்தது. ஆட்கள் பெருகினார்கள், வீடுகள் பெருகவில்லை. ஆகவே வாடகை ஏறியது. வெள்ளையர் கொடுத்த வாடகையைவிடக் கூடுதலாகக் கொடுத்தும், கறுப்பினத்தவருக்குக் கிடைத்தது மோசமான அறையே.

கார்ல் ஹான்ஸ்பெரி வீட்டுமனை வணிகர். பெரிய வீடுகளை வாங்கி, ஒரு குடும்பம் ஓர் அறையில் சமைத்து, உண்டு, உறங்கும்படி சிறு சிறு குடியிருப்புகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டார். வந்தேறிய ஏழைகளுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை கிடைத்தது. ஹான்ஸ்பெரி குடும்பத்துக்குச் செல்வம் கிடைத்தது. ஆனால் அந்த இடுக்கறைகளில் வாழ்ந்தவர்களுக்கு வாழ்வு கடினமாகவே இருந்தது. தன் குடும்பத்தின் வசதி எங்கிருந்து வந்தது என்பது வளர்ந்தபின் லொரெய்னுக்குத் தெரியாமல் போகவில்லை. அவருடைய புகழ்பெற்ற நாடகம் நடக்கும் இடம் அப்படிப்பட்ட ஒரு குடியிருப்பே என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது கிறிஸ்துமஸ் பரிசாகப் பெற்றோர் வெண்ணிற மென்மயிர்க் கோட்டு ஒன்று வாங்கித் தந்தனர். அமெரிக்காவே வேலையின்றித் தவித்த ஆண்டுகள் அவை. அந்தக் கோட்டை அணிவித்து அவளை மழலையர் பள்ளிக்கு அனுப்பினார்கள். உடன் படித்த ஏழைப் பிள்ளைகள் அவளை அடித்துவிட்டார்கள்! வியப்பு என்னவென்றால், அடித்த பிள்ளைகள்மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. தனக்கு அந்தக் கோட்டை அணிவித்ததே தவறு என்று அவளுக்குத் தோன்றியது. தாய் வேலைக்குப் போய்விடுவதால் வீட்டுச் சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பள்ளிக்கு வரும் பிள்ளைகளைக் கண்டு அவள் பெருமதிப்புக் கொண்டாள். பணம் மனிதர்களுக்கிடையே எழுப்பும் சுவரை அவள் முதன்முதலில் கண்டது அப்போதுதான்.

கல் வந்த ஜன்னல்

1937ஆம் ஆண்டில் கார்ல் ஹான்ஸ்பெரி வெள்ளையர் குடியிருக்கும் பகுதியில், ரோட்ஸ் அவென்யூ என்னும் தெருவில் ஒரு வீடு வாங்கினார். அப்பகுதி வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தப் பத்திரம் எழுதி வைத்திருந்தனர். கறுப்பினத்தவர் எவருக்கும் வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதுமில்லை என்பதே அதன் சாரம். நகரின் பல பகுதிகளில் இத்தகைய பத்திரங்கள் இருந்தன. நீதிமன்றங்களும் அவற்றை ஏற்று வந்தன. அந்தச் சுவரை உடைப்பதென்று கார்ல் துணிந்தார்.

குடும்பம் குடிபுகுந்தது. கூச்சலிடும் கும்பல் வீட்டைச் சூழ்ந்தது. ஜன்னல் வழியே எறியப்பட்ட ஒரு கல் லொரெய்னின் தலையை நூலிழையில் தப்பிச் சுவரில் மோதியது. அப்போது அவளுக்கு ஏழெட்டு வயது. பள்ளிக்குப் போகும் வழியில் வசையும் எச்சிலும் அவள்மீது விழுந்தன. தந்தை வழக்கு நடத்துவதற்காக வாஷிங்டன் நகரில் இருந்த நாட்களில், தாய் நானி குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியுடன் இரவு முழுவதும் வீட்டைச் சுற்றிக் காவல் காத்தார். பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்த கைகள் அவை. அந்த இரவுகளை லொரெய்ன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

இல்லினாய் மாநில நீதிமன்றம் குடும்பத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சென்றது. 1940 நவம்பர் 12ஆம் நாள் அங்கே கார்ல் வென்றார். ஒப்பந்தம் செல்லுபடியாக 95 விழுக்காட்டு வீட்டுக்காரர்களின் கையொப்பம் தேவை. உண்மையில் ஏறத்தாழ 54 விழுக்காட்டினரே ஒப்பமிட்டிருந்தனர். போதுமான ஒப்பம் இருந்தது என்று முன்பு வேறொரு வழக்கில் சொல்லப்பட்ட முடிவு, அந்த வழக்கில் பங்கு பெறாத ஹான்ஸ்பெரி குடும்பத்தைக் கட்டுப்படுத்தாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் இத்தகைய ஒப்பந்தங்களே அநீதி என்று அது சொல்லவில்லை. அவற்றை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்ற தீர்ப்பு வர 1948ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறவேற்றுமை பார்ப்பதைத் தடை செய்யும் சட்டம் 1968இல்தான் வந்தது.

கார்ல் அவற்றைக் காணவில்லை. சொந்த நாட்டின்மீது மனம் கசந்து, மெக்சிகோவில் குடியேற எண்ணி அங்கே சென்றிருந்தபோது 1946இல் காலமானார். லொரெய்னுக்கு அப்போது வயது 15. வழக்கில் வென்ற தந்தை வாழ்க்கையில் தோற்றுப்போனவராக இறந்தாரே என்ற துயரம் அவள் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

டப்ளின் தாயின் அழுகுரல்

பள்ளிப் படிப்பை முடித்த லொரெய்ன் 1948இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே மாணவர்கள் நடித்த ஒரு நாடகத்தைக் காண நேர்ந்தது. அயர்லாந்து நாட்டு ஆசிரியர் ஷான் ஓகேசி எழுதிய ஜூனோவும் மயிலும் என்னும் நாடகம் அது. டப்ளின் நகரின் நெருக்கடியான குடியிருப்பில் வாழும் ஓர் ஏழைக் கத்தோலிக்கக் குடும்பம். உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற சொத்து வரப்போகிறது என்று செய்தி வருகிறது. வராத பணத்தை நம்பிக் கடனுக்கு மேசை நாற்காலி வாங்குகிறார்கள். இறுதியில் பணமும் வரவில்லை. வாங்கிய பொருள்களும் பறிபோகின்றன. மகன் சுட்டுக் கொல்லப்படுகிறான். தாய் ஜூனோ மட்டும் துயரத்தின் நடுவே தளராமல் நிற்கிறாள்.

அந்தத் தாயின் அழுகுரல் லொரெய்னுக்கு அயலார் குரலாகக் கேட்கவில்லை. தான் பிறந்த சிகாகோவின் தென்பகுதியில் கேட்ட குரலாகவே இருந்தது. ஓர் அயர்லாந்துக்காரர் தம் மக்களின் கதையை ஒளிவு மறைவின்றி, அவர்களுடைய குறைகளோடும் பெருமையோடும் சொன்னதால் அல்லவா அது கடல் கடந்து வந்து தன் நெஞ்சைத் தொட்டது! தன் மக்களின் கதையையும் அவ்வாறே சொல்ல வேண்டும் என்ற விதை அன்று விழுந்தது.

நியூயார்க் வாழ்க்கை

1950இல் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு லொரெய்ன் நியூயார்க் சென்றார். புகழ்பெற்ற பாடகர் பால் ரோப்சன் நிறுவிய ஃப்ரீடம் என்னும் பத்திரிகையில் வேலை. தட்டச்சு செய்வது முதல் கட்டுரை எழுதுவது வரை எல்லாம் அவர் பணி. அரசு ரோப்சனின் கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டபோது, 1952இல் உருகுவே நாட்டில் நடந்த அமைதி மாநாட்டுக்கு அவருக்குப் பதிலாக லொரெய்ன் சென்று வந்தார். அதன் விளைவாக அவருடைய கடவுச்சீட்டும் பறிபோயிற்று. அரசின் புலனாய்வுத் துறையும் அவரைக் கண்காணித்தது.

1953இல் ராபர்ட் நெமிராஃப் என்னும் யூத இளைஞரை மணந்தார். இருவரும் முதலில் சந்தித்தது நிறவேற்றுமையை எதிர்த்து நடந்த ஒரு மறியலில். பரிமாறும் பணி, தட்டச்சுப் பணி என்று கிடைத்த வேலைகளைச் செய்து காலம் தள்ளினார் லொரெய்ன். 1956இல் நெமிராஃப் நண்பர் ஒருவருடன் சேர்ந்து எழுதிய ஒரு பாட்டு நாடெங்கும் ஒலித்துப் பணம் தந்தது. அந்தப் பணம் நகையாகவோ வீடாகவோ மாறவில்லை. லொரெய்ன் மற்ற வேலைகளை விட்டுவிட்டு எழுத்தில் மட்டும் ஈடுபட அது உதவியது. இவ்வாறு பிறந்ததுதான் எ ரைசின் இன் தி சன் என்னும் நாடகம். வெயிலில் ஓர் உலர்திராட்சை என்று அதைத் தமிழில் சொல்லலாம். கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் எழுதிய ஒரு கவிதையிலிருந்து அப்பெயர் எடுக்கப்பட்டது.

பத்தாயிரம் டாலர்

நாடகத்தின் கதையைச் சுருக்கமாகக் காண்போம். சிகாகோவின் தென்பகுதியில் யங்கர் குடும்பத்தினர் ஐவர் ஒரு சிறு குடியிருப்பில் வாழ்கின்றனர். ஜன்னல் ஒன்றே ஒன்று. குளியலறை வெளி நடையில். அண்டை வீட்டாருக்கும் அது பொது. பேரன் டிராவிஸ் கூடத்துச் சோபாவில் உறங்குகிறான். காலையில் அவன் பள்ளிக்கு ஐம்பது சென்ட் கேட்கிறான். தாய் ரூத் இல்லை என்கிறாள். தந்தை வால்டரோ மகன் முன் தலைகுனிய மனமின்றி, கேட்டதையும் கொடுத்து, மேலும் ஐம்பது சென்ட் சேர்த்துக் கொடுக்கிறான். சற்று நேரத்தில் தான் வேலைக்குப் போகப் பேருந்துக் கட்டணமில்லாமல் மனைவியிடமே பணம் கேட்டு நிற்கிறான்! ஏழைக் குடும்பத்தில் பணம் படுத்தும் பாட்டை இந்த ஒரு காட்சியிலேயே ஆசிரியர் காட்டிவிடுகிறார்.

வால்டரின் தந்தை உழைத்து உழைத்தே மாண்டவர். அவருடைய ஆயுள் காப்பீட்டுத் தொகையாக 10,000 டாலர் வருகிறது. பணம் ஒன்று, கனவுகளோ பல. பணக்காரர் ஒருவருக்குக் கார் ஓட்டிக் கொண்டிருக்கும் வால்டர் மதுக்கடை ஒன்றில் பங்குதாரனாகத் துடிக்கிறான். தங்கை பெனீத்தா மருத்துவம் படிக்க விரும்புகிறாள். தாய் லீனாவுக்குத் தோட்டத்துடன் ஒரு வீடு வேண்டும். ஜன்னலருகே வெளிச்சம் போதாமல் வாடும் ஒரு செடியை அந்தத் தாய் நாள்தோறும் பேணி வருகிறாள்.

லீனா இறைப்பற்று மிக்கவள். படித்த மகள் கடவுள் இல்லை என்று பேசியபோது அவளைக் கன்னத்தில் அறைந்து, இந்த வீட்டில் இன்னும் கடவுள் உண்டு என்பதை அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறாள். மீண்டும் கருவுற்ற ரூத், இன்னொரு குழந்தையை இந்த இடுக்கில் எப்படி வளர்ப்பது என்று அஞ்சி அதைக் கலைத்துவிட எண்ணுகிறாள். குடும்பம் சிதைவதைக் கண்ட லீனா 3,500 டாலர் முன்பணம் கொடுத்து ஒரு வீடு வாங்குகிறாள். அது கிளைபோர்ன் பார்க் என்னும் வெள்ளையர் பகுதியில். ஏன் அங்கே? கறுப்பினத்தவருக்கென்று கட்டப்பட்ட வீடுகள் அதைவிட இரு மடங்கு விலை! மீதி 6,500 டாலரை மகனை நம்பி அவன் கையில் தருகிறாள். அதில் 3,000 டாலர் தங்கையின் படிப்புக்கு. வால்டர் அதையும் சேர்த்து நண்பன் ஒருவனிடம் கொடுக்க, அவன் அத்தனையும் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுகிறான். போனது வெறும் பணமா? தந்தையின் வியர்வையும் இரத்தமும் அல்லவா!

இதற்கிடையில் புதிய பகுதியின் குடியிருப்போர் சங்கத்திலிருந்து லிண்ட்னர் என்பவர் வருகிறார். கல்லெறியவில்லை, கத்தவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மரியாதையாகப் பேசுகிறார். அங்கே குடிவராமல் இருந்தால், கொடுத்த விலைக்கு மேலேயே கொடுத்து வீட்டை வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். முதலில் வெளியே அனுப்பப்பட்ட அவரை, பணம் பறிபோனபின் வால்டரே திரும்ப அழைக்கிறான். அவர் முன் மண்டியிட்டாவது அந்தப் பணத்தைப் பெறுவேன் என்று பிதற்றுகிறான். தாய் தடுக்கவில்லை. ஆனால் பேரன் டிராவிஸ் அங்கேயே நின்று தன் தந்தை செய்வதைப் பார்க்கட்டும் என்கிறாள். மகனின் கண்கள் முன் வால்டருக்கு விலை பேச நா எழவில்லை. தன் மகன் இந்நாட்டில் தங்கள் குடும்பத்தின் ஆறாம் தலைமுறை என்றும், தந்தை ஈட்டித் தந்த வீட்டுக்குப் போகவே போவதாகவும் சொல்லிவிடுகிறான். கடைசியாக வீட்டைவிட்டுப் புறப்படும் லீனா அந்தச் செடியை மறவாமல் எடுத்துக்கொள்கிறாள்.

இது இன்பமான முடிவு என்று சொன்னவர்கள் பலர். ஆனால் எழுதியவர் யார் என்பதை எண்ணிப் பாருங்கள். வெள்ளையர் தெருவில் குடிபுகுந்தபின் என்ன நடக்கும் என்பதை ஜன்னல் வழியே வந்த கல்லிடமிருந்து கற்றவர் அவர். வால்டர் பணத்தையும் பாதுகாப்பையும் விட்டுவிட்டு மானத்தை எடுத்துக்கொண்டான். அதற்குரிய விலையைக் குடும்பம் இனிமேல்தான் கொடுக்க வேண்டும்.

அரங்கேற்றம்

நாடகத்தை மேடையேற்றுவது எளிதாக இருக்கவில்லை. கறுப்பினக் குடும்பத்தின் கதையைக் காசு கொடுத்துப் பார்க்க யார் வருவார்கள் என்று பெரும் முதலாளிகள் ஒதுங்கினர். தயாரிப்பாளர் பிலிப் ரோஸ் ஓராண்டுக்கு மேல் அலைந்து, பலரிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டினார். வெளியூர்களில் பாராட்டுப் பெற்றபின், 1959 மார்ச் 11ஆம் நாள் நியூயார்க்கின் எத்தல் பேரிமோர் அரங்கில் நாடகம் அரங்கேறியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய நாடகம் பிராட்வே மேடை ஏறியது அதுவே முதல் முறை. இயக்கிய லாயிட் ரிச்சர்ட்ஸ் கறுப்பினத்தவர். வால்டராக சிட்னி பாய்ட்டியர், ரூத்தாக ரூபி டீ, தாய் லீனாவாக கிளாடியா மெக்நீல் ஆகியோர் நடித்தனர். திரை விழுந்ததும் கைதட்டல் ஓயவில்லை. பாய்ட்டியர் பார்வையாளர் பகுதிக்கு இறங்கிச் சென்று, அங்கே அமர்ந்திருந்த ஆசிரியரை மேடைக்கு அழைத்து வந்தார்.

நாடகம் 530 முறை நடந்தது. நியூயார்க் நாடக விமரிசகர் வட்டத்தின் பரிசு அவ்வாண்டு லொரெய்னுக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பின எழுத்தாளர் அவரே. முப்பது வயது அவருக்கு நிரம்பியிருக்கவில்லை. 1961இல் அது திரைப்படமாகவும் வந்தது. இது எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும் கதைதானே, கறுப்பினக் கதை என்று ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டவர்களை அவர் மறுத்தார். இது சிகாகோவின் தென்பகுதியில் வாழும் கறுப்பினக் குடும்பத்தின் கதையே. அதை உண்மையாகச் சொன்னதால்தான் அது எல்லாரையும் தொடுகிறது என்பது அவர் கருத்து. ஜூனோவின் அழுகுரலில் அவர் கற்ற பாடம் அல்லவா அது!

இறுதி நாட்கள்

புகழ் வந்தபின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. தெற்கே சம உரிமைக்காகப் போராடிய இளைஞர்களுக்கு நிதி திரட்டினார். 1963இல் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினும் மற்றும் சிலரும் அமெரிக்க அரசின் சட்டத்துறைத் தலைவர் ராபர்ட் கென்னடியைச் சந்தித்தபோது, லொரெய்னும் உடனிருந்து அஞ்சாமல் உண்மையை எடுத்துரைத்தார். அவ்வாண்டிலேயே கொடிய நோய் அவரைப் பற்றியது. கணையத்தில் புற்றுநோய்! 1964 மே மாதம், உடல் நலிந்த நிலையிலும், எழுத்துப் போட்டியில் வென்ற கறுப்பின மாணவர்களிடையே உரையாற்ற வந்தார். இளமையும் திறமையும் வாய்க்கப்பெற்ற அவர்கள் தங்கள் நிறத்தை எண்ணிக் குன்றாமல் பெருமிதம் கொள்ள வேண்டும் என்று ஊக்கினார்.

நெமிராஃபுடன் அவருடைய மணவாழ்வு நிலைக்கவில்லை. ஆயினும் நட்பு முறியவில்லை. அவருடைய கையெழுத்துப் பிரதிகளைப் பின்னர் பேணிப் பதிப்பித்தவர் நெமிராஃபே. இரண்டாவது நாடகம் 1964 அக்டோபரில் அரங்கேறியது. வசூல் குறைந்தபோது நண்பர்களும் கலைஞர்களும் பணம் திரட்டி அதை நிறுத்தாமல் நடத்தினர். 101ஆம் முறையோடு அது நின்றது. 1965 ஜனவரி 12ஆம் நாள் லொரெய்ன் கண்மூடியதே அதற்குக் காரணம். கடும் பனிப்புயலையும் பொருட்படுத்தாமல் நூற்றுக்கணக்கானோர் ஹார்லெமில் நடந்த இறுதிச் சடங்குக்கு வந்தனர். பால் ரோப்சன் இரங்கலுரை ஆற்றினார். மார்ட்டின் லூதர் கிங் செய்தி அனுப்பியிருந்தார்.

மாணவச் செல்வங்களே! லொரெய்ன் செல்வர் வீட்டில் பிறந்தார். வெண்ணிறக் கோட்டை அணிந்துகொண்டு ஏழைகளைப் பாராமல் இருந்திருக்கலாம். ஆனால் கழுத்தில் சாவி கட்டி வந்த பிள்ளைகளை அவர் மறக்கவில்லை. அவர்கள் வீட்டுக் கதையையே எழுதினார். நம்மோடு ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் தோழியின் வீட்டில் எத்தனை ஜன்னல்கள் உண்டு என்று நாம் எண்ணியதுண்டா? அவள் தந்தை காலையில் யாரிடம் பேருந்துக் கட்டணம் கேட்டார் என்று அறிவோமா?

ரோட்ஸ் அவென்யூவில் கல்லெறி பட்ட அந்த வீட்டை, 2010ஆம் ஆண்டில் சிகாகோ மாநகராட்சி பாதுகாக்க வேண்டிய சின்னமாக அறிவித்தது. ஒரு காலத்தில் அந்தக் குடும்பம் இருக்கக் கூடாது என்று சொன்ன தெரு அது. அந்தத் தெருவுக்கு இன்று பெருமை தருவது, அங்கே விழித்திருந்த ஒரு தாயும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியுமே.